கொங்கு நாட்டில் எச்.ஐ.வி. பரிசோதனை: ஒரு தயக்கத்தின் வரலாறு

எச்.ஐ.வி. கிருமி உடலில் புகுந்தால் அதை எதிர்க்க ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் உண்டாகும். அந்த எதிர்ப்புப் பொருள் இருக்கிறதா என்று பார்ப்பதே எச்.ஐ.வி. பரிசோதனை. இதற்கான முதல் கருவி 1985இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அடுத்த ஆண்டே தமிழ்நாட்டில் பயன்பட்டது. கொங்கு நாட்டின் கோவை, ஈரோடு, நாமக்கல், திருப்பூர் பகுதிகளின் அரசு மருத்துவமனைகளில் சாதாரண மனிதர் தாமாகப் போய்க் கேட்டுச் செய்துகொள்ளும் சோதனையாக அது மாறுவதற்கு மேலும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் பிடித்தன. இன்று அது இலவசம். விரல் நுனியில் ஒரு துளி ரத்தம் எடுத்து அரை மணி நேரத்துக்குள் முடிவு சொல்லிவிடுகிறார்கள். இருந்தும், இந்தியாவில் தொற்றுடன் வாழ்பவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத் தமக்குத் தொற்று இருப்பது தெரியாது.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் அறியாமை. கொங்கு வட்டாரத்துக்கு அது பொருந்தாது. சுவர் எழுத்து, தெருக்கூத்து, பேருந்து நிலைய ஒலிபெருக்கி, பள்ளிக்கூடப் பேரணி என்று 1990களின் நடுப்பகுதியிலிருந்து இந்த நோயைப் பற்றி இங்கே பேசாத இடமில்லை. சோதனைக்குப் போகாதவர்களில் பெரும்பாலோருக்கு நோய் எப்படிப் பரவும் என்பது நன்றாகவே தெரியும். அந்தச் சோதனையின் முடிவு யார் கைக்குப் போகும், அதை வைத்து என்ன செய்வார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அவர்களுடைய தயக்கம் அங்கிருந்துதான் பிறக்கிறது.

நோயைக் கண்டுபிடிக்க வரும் அதிகாரியிடமிருந்து ஒளிந்துகொள்வது கோவைக்குப் பழைய பழக்கம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளேக் இந்த ஊரை மீண்டும் மீண்டும் தாக்கியது. 1901 கணக்கெடுப்பில் 53,000 அளவில் இருந்த ஊரின் மக்கள்தொகை 1911இல் 47,000 அளவுக்கு இறங்கியது. 1897ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டம் வீடு புகுந்து சோதிக்கவும், நோயாளியைப் பிரித்து முகாமுக்குக் கொண்டுபோகவும், பயணிகளைத் தடுத்து நிறுத்தவும் அரசுக்கு அதிகாரம் தந்தது. சென்னை மாகாணத்தில் நோய் கண்ட ஊரிலிருந்து வருபவர்கள் பிளேக் பாஸ்போர்ட் என்ற சீட்டை வாங்கிக்கொண்டு நாள்தோறும் அதிகாரி முன் நிற்க வேண்டியிருந்தது. நோயைச் சொன்னால் வீடு பறிபோகும், பொருள் எரிக்கப்படும் என்றால் எந்தக் குடும்பமும் சொல்லாது. அந்தக் காலத்தின் நினைவாகக் கோவையில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் இருக்கின்றன. காசநோய்க்கும் இதே கதைதான். பெருந்துறை சானடோரியத்துக்குப் போய் வந்தவர் என்று தெரிந்த வீட்டில் பெண் எடுக்க யோசித்த தலைமுறை ஒன்று இங்கே இருந்தது. எச்.ஐ.வி. வந்தபோது மறைப்பதற்கான பழக்கவழக்கங்கள் எல்லாம் தயாராகவே இருந்தன.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்ட விதத்தையும் இந்த வரலாற்றிலிருந்து பிரிக்க முடியாது. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த சுனிதி சாலமன், தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவுக்குக் கொடுத்த ஆய்வுத் தலைப்பு தமிழ்நாட்டில் எய்ட்ஸ் இருக்கிறதா என்று தேடுவது. பாலியல் தொழில் செய்ததாகக் கைதான பெண்களை அடைத்து வைத்திருந்த காப்பகத்துக்கு நிர்மலா கணவரின் ஸ்கூட்டரில் போய் வந்தார். கையுறைகூட இல்லாமல் எண்பதுக்கும் மேற்பட்டவர்களிடம் ரத்தம் எடுத்தார். 1986 பிப்ரவரியில் கணவருடன் ரயிலேறி அந்த மாதிரிகளை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனார். வைரஸ் நிபுணர் ஜேக்கப் ஜான் தலைமையிலான துறையில் நடந்த சோதனையில் ஆறு மாதிரிகளின் நிறம் மாறியது. அமெரிக்காவில் செய்த மறுசோதனை அதை உறுதி செய்தது. அப்போதைய சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அதை அறிவித்தார்.

நிர்மலாவின் துணிவும் சுனிதி சாலமனின் தொலைநோக்கும் இல்லாமல் இந்தியா இன்னும் சில ஆண்டுகளைக் கண்மூடிக் கழித்திருக்கும். ஆனால் அந்தப் பெண்களுக்கு என்ன சோதனை என்று சொல்லப்படவில்லை. வேறு பால்வினை நோய்க்காக ரத்தம் எடுப்பதாகவே அவர்கள் நினைத்தார்கள் என்று நிர்மலா பின்னாளில் வெளிப்படையாகக் கூறியிருக்கிறார். அந்தக் காலத்து மருத்துவத்தில் அது வழக்கம். எவரும் தவறாகப் பார்க்கவில்லை. நாட்டின் முதல் எச்.ஐ.வி. சோதனை, மறுக்க வழியில்லாத இடத்தில், எதற்கென்று தெரியாத உடல்களில் நடந்தது. அதன் முடிவு உரியவருக்கு ஆறுதலாகப் போகவில்லை. சட்டமன்றத்துக்கும் செய்தித்தாளுக்கும் போனது.

அடுத்த சில ஆண்டுகள் இந்தப் பாடத்தை இன்னும் அழுத்தமாக எழுதின. 1989இல் கோவாவில் ரத்த தானம் செய்தபோது தொற்று கண்டறியப்பட்ட டொமினிக் டிசோசா என்ற இளைஞரைக் காவல்துறை கூப்பிட்டு, மாப்புசாவில் கைவிடப்பட்ட காசநோய் விடுதி ஒன்றில் 64 நாட்கள் அடைத்து வைத்தது. கோவாவின் பொதுச் சுகாதாரச் சட்டம் அப்போது அதற்கு இடம் தந்தது. 1990இல் பம்பாயின் பாலியல் தொழில் விடுதிகளிலிருந்து மீட்கப்பட்ட நூற்றுக்கணக்கான பெண்கள் தனி ரயிலில் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டனர். ரத்தம் சோதித்துத் தொற்று இருந்ததாகத் தெரிந்தவர்கள், அந்த ஒரு காரணத்துக்காகவே காப்பகங்களில் தொடர்ந்து வைக்கப்பட்டனர். பத்திரிகையாளர் ஷியாமளா நடராஜ் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகுதான் விடுதலை கிடைத்தது. இந்தச் செய்திகளைப் படித்த எவருக்கும், சோதனைக்குப் போவதால் நன்மை வரும் என்று தோன்றியிருக்க முடியாது.

கொங்கு நாட்டில் இந்த நோய் வேரூன்றியதற்குக் காரணம் இங்கே இருந்த தொழில்களின் அமைப்பு. நாமக்கல் 1997 வரை சேலம் மாவட்டத்தில் இருந்தது. மழை குறைந்த அந்த மண்ணில் விவசாயம் கைகொடுக்காதபோது மக்கள் லாரிக்கு மாறினார்கள். நாமக்கல்லின் பாடி கட்டும் பட்டறைகளும், சங்ககிரியின் லாரி உரிமையாளர்களும், திருச்செங்கோட்டின் ரிக் வண்டிகளும் நாடெங்கும் பெயர் பெற்றவை. நேஷனல் பெர்மிட் வண்டியில் ஏறிய ஓட்டுநரும் கிளீனரும் பம்பாய், கல்கத்தா, அசாம் என்று ஓடிவிட்டு வீடு திரும்ப வாரக்கணக்காகும். ஆழ்துளைக் கிணறு தோண்டப் போகும் ரிக் வண்டி ஆட்கள் ஆந்திரம், மத்தியப் பிரதேசம் என்று மாதக்கணக்கில் தங்குவார்கள். குடும்பம் ஒரு பக்கம், உழைப்பு ஒரு பக்கம் என்று பிரிந்த இந்த வாழ்க்கையில், நெடுஞ்சாலை ஓரங்களில் பெற்ற தொற்று வீட்டுக்கு வந்து சேர்ந்தது. பனியன் தொழில் பெருகிய திருப்பூருக்கும் விசைத்தறி ஓடிய பல்லடம், சோமனூர் பகுதிகளுக்கும் வேலை தேடி வந்து தங்கியவர்களின் நிலையும் ஏறத்தாழ இதுவே. கர்ப்பிணிகளிடையே தொற்று ஒரு விழுக்காட்டைத் தாண்டிய மாவட்டங்களைத் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு மிகுந்த பாதிப்புள்ளவையாக வகைப்படுத்தியபோது, அந்தப் பட்டியலில் நாமக்கல் இருந்தது.

இந்த ஒரு விழுக்காடு என்ற கணக்கு வந்த விதம் சற்று நின்று பார்க்க வேண்டியது. 1998 முதல் நாடெங்கும் தேர்ந்தெடுத்த அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளின் ரத்தம் ஆண்டுதோறும் சோதிக்கப்பட்டது. சிபிலிஸ் சோதனைக்காக எடுத்த ரத்தத்தில் மிஞ்சியதைப் பெயர் அடையாளம் எல்லாம் நீக்கிவிட்டு எச்.ஐ.வி.க்குச் சோதித்தார்கள். நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்று அறிய அது தேவையான வழி. உலகெங்கும் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் தொற்று இருந்த பெண் யார் என்று சோதித்தவருக்கே தெரியாது. நாமக்கல்லில் ஒரு விழுக்காடு என்று அறிக்கை எழுதப்பட்ட அதே வேளையில், அந்த ஒரு விழுக்காட்டில் அடங்கிய பெண்கள் எதுவும் தெரியாமல் பிள்ளை பெற்று, பால் கொடுத்து, வீடு போனார்கள். மாவட்டத்தின் பெயர் மட்டும் கெட்டது. நாமக்கல் என்றால் லாரி, முட்டை, எய்ட்ஸ் என்று வெளியூர்க்காரர்கள் பேசிய காலம் அது. அந்த ஊரிலிருந்து பெண் எடுக்கவோ மாப்பிள்ளை பார்க்கவோ தயங்கிய குடும்பங்கள் இருந்தன. தொற்று இல்லாத வீடும்கூட சோதனை என்ற சொல்லுக்குப் பயந்தது.

கல்யாணம்தான் இந்த வரலாற்றின் மையம். கொங்குப் பகுதியில் திருமணம் இரண்டு பேருக்குள் முடிகிற விஷயமல்ல. கூட்டம் என்னும் குலப்பிரிவு பார்த்து, காடு தோட்டம் பார்த்து, மாமன் மகள், அத்தை மகன் என்று முறை பார்த்துக் கட்டுவது நெடுங்கால வழக்கம். பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடுகள் தலைமுறை தலைமுறையாகப் பின்னிக் கிடக்கும். ஒருவனுக்குத் தொற்று என்று தெரிந்தால் அவனோடு அது நிற்காது. தங்கைக்கு வரன் வராது. தம்பிக்குப் பேசிவைத்த இடம் கைநழுவும். குலதெய்வக் கோயிலில் பொங்கல் வைக்கையில் ஒதுங்கி நிற்க வேண்டிவரும். இப்படி வீடு முழுவதும் இழக்கப்போவதைக் கணக்குப் போட்டுப் பார்த்தவனுக்கு, தெரியாமல் இருப்பதே குடும்பத்துக்குச் செய்யும் கடமையாகத் தோன்றியது. இந்தக் கணக்கைக் கோழைத்தனம் என்று தள்ளிவிட முடியாது.

ஆனால் அந்தக் கணக்கில் விடுபட்டவள் மனைவி. நாமக்கல் பகுதியைச் சேர்ந்த பெ. கௌசல்யாவின் வாழ்க்கை இதைப் பொதுவெளியில் வைத்தது. 1995இல் உறவு முறையில் லாரி ஓட்டுநர் ஒருவருக்கு அவரைக் கட்டிக்கொடுத்தார்கள். திருமணமான சில வாரங்களிலேயே தமக்குத் தொற்று இருப்பது அவருக்குத் தெரியவந்தது. நோயை மறைத்துச் செய்துவைத்த கல்யாணங்கள் பலவற்றில் அது ஒன்று. மற்றப் பெண்கள் வாய் திறக்காத காலத்தில் அவர் தம் பெயரையும் முகத்தையும் மறைக்காமல் பேசினார். 1998இல் தொற்றுள்ள பெண்களுக்கான கூட்டமைப்பைத் தோழியருடன் தொடங்கினார். அதற்கு முந்தைய ஆண்டு தொற்றுள்ளவர்களின் இந்தியக் கூட்டமைப்பு சென்னையில் உருவாகியிருந்தது. அதுவரை மருத்துவர்களும் அதிகாரிகளும் மட்டுமே பேசிய மேடையில், சோதனை செய்துகொண்டவர்கள் தாங்களே பேசத் தொடங்கியது அந்த இரண்டு ஆண்டுகளில்தான்.

லாரி ஓட்டுநர்களின் விதவைகள் பட்ட பாடு தனிக் கதை. கணவன் இறந்த பிறகு மனைவியின் தொற்று தெரியவந்தால், அவளால்தான் மகன் போனான் என்று மாமியார் வீடு சொல்லிவிடும். நிலத்தில் பங்கு கேட்க முடியாது. சிலருக்குப் பிள்ளைகளைக்கூடத் தர மறுத்தார்கள். தொற்று யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று எந்தச் சோதனையும் சொல்லாது. ஆனால் முதலில் யார் ரத்தம் சோதிக்கப்பட்டதோ அவர்மீதே பழி விழுந்தது. வீட்டில் முதலில் சோதனைக்குப் போவது ஆபத்து என்பதை இந்தப் பகுதிப் பெண்கள் கண்ணால் கண்டு தெரிந்துகொண்டார்கள்.

மருத்துவமனைகளும் தம் பங்குக்கு அச்சத்தைக் கூட்டின. கோவை தனியார் மருத்துவத்துக்குப் பெயர் போன ஊர். அறுவை சிகிச்சைக்கோ பிரசவத்துக்கோ சேர்பவரிடம் மற்ற ரத்தச் சோதனைகளோடு இதையும் சேர்த்து எழுதிவிடுவது 1990களில் பரவலான வழக்கம். கேட்பதில்லை, சொல்வதுமில்லை. லேப் சீட்டு கூட வந்தவர் கையில் போகும். நோயாளிக்குத் தெரிவதற்கு முன்பே அண்ணனுக்கோ மாமனாருக்கோ தெரிந்துவிடும். தொற்று என்றால் அறுவை சிகிச்சையை நிறுத்தி ஜி.எச்.சுக்குப் போகச் சொல்லிவிடுவார்கள். அங்கே கட்டிலிலோ கேஸ் ஷீட்டிலோ ஒரு குறி ஒட்டப்படும். வார்டு முழுக்க அதன் பொருள் தெரியும். சோதனைக்கு முன்னும் பின்னும் உட்கார வைத்துப் பேச வேண்டும், ஒப்புதல் வாங்க வேண்டும் என்ற அரசின் கொள்கை அப்போதே இருந்தது. அது காகிதத்திலேயே இருந்தது.

நீதிமன்றமும் ஒரு கட்டத்தில் நோயாளிக்கு எதிராகவே பேசியது. சென்னை மருத்துவமனை ஒன்றில் ரத்தம் கொடுத்த மருத்துவர் ஒருவருக்குத் தொற்று இருந்தது வெளியே கசிந்து, நிச்சயித்த கல்யாணம் நின்றுபோனது. அவர் தொடுத்த வழக்கில் 1998இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ரகசியத்தை வெளியிட்டது தவறில்லை என்றதோடு, தொற்றுள்ளவரின் திருமண உரிமையே நிறுத்திவைக்கப்பட்டது என்றும் கூறியது. திருமணம் பற்றிய அந்தக் கருத்துகளை 2002இல் அதே நீதிமன்றம் விலக்கிக்கொண்டது. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் கல்யாண வயதில் இருந்த எந்த இளைஞனும் சோதனைக்குப் போகாமல் இருந்ததற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

அரசுப் பிரச்சாரம் கலவையான வேலையைச் செய்தது. 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் நாட்டிலேயே அப்படிப்பட்ட முதல் அமைப்பு. அரசு அலுவலக நடைமுறைகளில் சிக்காமல் விரைந்து பணம் செலவிட அதற்கு அதிகாரம் இருந்தது; பின்னர் மற்ற மாநிலங்களும் அதைப் பின்பற்றின. வாலன்டரி ஹெல்த் சர்வீசஸ் என்ற தொண்டு நிறுவனம் அமெரிக்க நிதியுதவியுடன் 1995இல் தொடங்கிய திட்டம் லாரி நிறுத்தங்களில் ஆணுறையும் அறிவுரையும் கொண்டுசேர்த்தது. ஆணுறைப் பயன்பாடு உயர்ந்தது; அதன் பலன் பின்னால் தெரிந்தது. ஆனால் தொடக்க காலத்துச் சுவரொட்டிகள் மண்டையோட்டையும் எலும்புக்கூட்டையும் வரைந்து, உயிர்க்கொல்லி நோய் என்று அலறின. ஒழுக்கம் தவறினால் மரணம் என்பதே அவை சொன்ன செய்தி. அதன் மறுபக்கம், நோய் வந்தவன் ஒழுக்கம் கெட்டவன் என்பது. 2000களின் தொடக்கத்தில் தமிழகத் தெருக்களை நிறைத்த ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ விளம்பரம் நோயைப் பற்றிக் கூச்சமில்லாமல் பேசவைத்தது. டீக்கடையில் பேச முடியாத விஷயத்தை அது டீக்கடைக்குக் கொண்டுவந்தது. அது பெரிய சாதனை. கூடவே, சோதனைக்குப் போகிறவனுக்குப் புள்ளிராஜா என்ற பட்டத்தையும் தயாராக வைத்துவிட்டது.

இவை எல்லாவற்றையும் மீறி ஒருவர் சோதனைக்குப் போனாலும் 2004 வரை அவருக்குக் கொடுக்க அரசிடம் மருந்து இல்லை. நோயை அடக்கிவைக்கும் கூட்டு மருந்து 1996இல் மேலைநாடுகளில் வந்துவிட்டது. ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் ஆகும் அந்த மருந்தை இங்கே யாரும் நினைத்துப் பார்க்க முடியவில்லை. 2001 பிப்ரவரியில் மும்பையின் சிப்லா நிறுவனம் அதே கூட்டு மருந்தை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்து உலகச் சந்தையைப் புரட்டிப் போட்டது. அப்போதும்கூட, ஒரு லாரி கிளீனரின் கூலிக்கு அது எட்டாத தொகை. அரசு மருந்து வரும்வரை கொங்குப் பகுதி நோயாளிகள் பஸ் ஏறிப் போன இடம் தாம்பரம் சானடோரியம். காசநோய்க்காகக் கட்டிய அந்த அரசு நெஞ்சக மருத்துவமனை, மற்றவர்கள் கதவடைத்தபோது எய்ட்ஸ் நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டது. கண்காணிப்பாளர் தெய்வநாயகம் காலத்தில் ரசகந்தி மெழுகு, அமுக்கரா சூரணம், நெல்லிக்காய் லேகியம் ஆகிய சித்த மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தார்கள். தாம்பரம் ஊரைவிட்டுத் தள்ளி இருந்ததும் ஒரு வசதி. அங்கே பக்கத்துத் தோட்டத்துக்காரர் கண்ணில் பட வேண்டியதில்லை. அதே நேரத்தில் முழுவதும் குணப்படுத்துவதாகச் சொல்லி ஆயிரக்கணக்கில் பணம் பறித்த போலி மருத்துவர்களும் செழித்தார்கள். அவர்களிடம் போனவர்கள் ஏமாளிகள் அல்ல. சோதனை தந்த முடிவுக்குப் பதில் சொல்ல அரசு மருத்துவத்தில் எதுவும் இல்லாதபோது, பதில் சொன்ன ஒரே ஆளிடம் போனார்கள்.

மருந்து இல்லாமல் சோதனை மட்டும் வைத்துக்கொண்டு மக்களை வா என்று அழைத்த பத்து ஆண்டுகள், தயக்கத்தை மிக ஆழமாக வேர்விடச் செய்தன. மக்களை நோய் பற்றித் தெளியச் செய்தால் போதும் என்று அந்நாளைய திட்டங்கள் கருதியது பெரும் பிழை.

நிலைமை மாறத் தொடங்கியது பிரசவ வார்டில். மருந்து எதுவும் கொடுக்காவிட்டால் தொற்றுள்ள தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்று போகும் வாய்ப்பு நூற்றுக்குப் பதினைந்து முதல் நாற்பத்தைந்து வரை. உகாண்டாவில் நடந்த ஆய்வு, பிரசவ வலி வந்ததும் தாய்க்கு ஒரு நெவிரபின் மாத்திரையும் பிறந்த குழந்தைக்குச் சில துளி மருந்தும் கொடுத்தால் இந்த அபாயம் ஏறக்குறைய பாதியாகும் என்று 1999இல் காட்டியது. 2000களின் தொடக்கத்தில் இந்த மருந்து தமிழக அரசு மருத்துவமனைகளுக்கு வந்தது. சோதனைக்குக் கைநீட்டினால் பதிலுக்கு ஒன்று கிடைக்கும் என்ற நிலை முதல்முறையாக ஏற்பட்டது. பிள்ளைக்காக என்று சொன்னதும் பெண்கள் கைநீட்டினார்கள். வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிடலாம் என்ற முறையில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சோதனை வழக்கமானது. தமிழ்நாட்டில் பிரசவங்கள் பெரும்பாலும் மருத்துவமனையிலேயே நடந்ததால் இது விரைவாகப் பரவியது.

இதன் விலையையும் பெண்களே கொடுத்தார்கள். ஆண்களுக்கு அப்படி ஒரு வாசல் கிடையாது. ஆகவே பெரும்பாலான வீடுகளில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டவள் கர்ப்பிணி மனைவி. கணவனைச் சோதனைக்கு அழைத்து வா என்று ஆலோசகர் சொல்வார். அவள் வீட்டில் போய்ச் சொன்னால் பழி அவள்மேல். சொல்லாவிட்டால் மருந்தை ஒளித்துவைத்துச் சாப்பிட வேண்டும். முதல் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போகும் வழக்கம் இங்கே சிலருக்குக் கவசமானது: அங்கே அம்மா மட்டும் அறிந்து காத்தாள். அதே வழக்கத்தால் சோதனை ஓர் ஊரிலும் பிரசவம் வேறோர் ஊரிலும் என்று சீட்டு கைமாறாமல் போனதும் உண்டு.

2004 ஏப்ரல் 1 அன்று மத்திய அரசு இலவசக் கூட்டு மருந்துத் திட்டத்தைத் தொடங்கியது. தாம்பரம் அதன் முதல் மையங்களில் ஒன்று. பிறகு நாமக்கல், கோவை உள்ளிட்ட மாவட்ட மருத்துவமனைகளுக்கு, இந்த மருந்தைத் தரும் ஏ.ஆர்.டி. மையங்கள் வந்தன. ரத்தம் சோதிக்கும் இடங்கள் நம்பிக்கை மையம் என்ற பெயருடன் தாலுகா மருத்துவமனை வரை பரவின. விரைவுச் சோதனைக் கருவிகள் வந்ததால், முடிவுக்காக இரண்டு வாரம் தூக்கமில்லாமல் காத்திருந்த காலம் முடிந்தது; முன்பு ரத்தம் கொடுத்துவிட்டு முடிவு வாங்க வராமலே போனவர்கள் ஏராளம். எலும்பும் தோலுமாக வந்தவர்கள் ஆறு மாதத்தில் எடை கூடி மீண்டும் லாரி ஓட்டப் போனார்கள். எந்தச் சுவரொட்டியையும்விட அந்த மனிதர்கள் ஊருக்குச் சொன்ன செய்தி வலிமையானது. நோய் குறைந்துவருவதும் அப்போது தெரிந்தது: தென் மாநிலங்களில் இளம் கர்ப்பிணிகளிடையே தொற்று 2000க்கும் 2004க்கும் இடையில் 1.7 விழுக்காட்டிலிருந்து 1.1 விழுக்காட்டுக்கு இறங்கியதை 2006இல் லான்செட் இதழில் வெளிவந்த ஆய்வு காட்டியது.

தயக்கம் இதனால் போய்விடவில்லை, இடம் மாறியது. நாமக்கல்காரர் சேலத்தில் பதிவு செய்தார். ஈரோட்டுக்காரர் கோவைக்கு வந்தார். கோவைக்காரர் சென்னைக்குப் போனார். எல்லோரும் தம் ஊர் மையத்தைத் தவிர்த்தார்கள். மாதாமாதம் மருந்து வாங்கப் போகும் வரிசையில் தெரிந்த முகம் இருந்துவிடுமோ என்ற பயம் அது. கூலி வேலைக்காரருக்கு இதனால் ஒரு நாள் சம்பளமும் பஸ் செலவும் போயின. நோய் எதிர்ப்பு அணுக்கள் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால்தான் மருந்து என்ற விதியும் ஒரு தடையாக இருந்தது. தொடக்கத்தில் அந்த எல்லை ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 200 அணுக்கள், பிறகு 350, அதற்குப் பிறகு 500. உடம்பு நன்றாக இருக்கும்போதே சோதனைக்கு வந்தவரிடம், தொற்று இருக்கிறது, மருந்து பிறகு என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அப்படிப் போனவர்களில் பலர் திரும்பி வரவில்லை. 2017இல்தான் தொற்று உறுதியானவுடன் மருந்து என்ற முறை வந்தது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவு மூலம் தொற்று பரவாது என்பதும் அதற்குள் ஆய்வுகளில் உறுதியாகியிருந்தது.

அதே 2017இல் நாடாளுமன்றம் எச்.ஐ.வி. தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. 2018 செப்டம்பர் 10இல் அது நடைமுறைக்கு வந்தது. ஒப்புதல் இல்லாமல் சோதிக்கக் கூடாது. முடிவை வெளியிடக் கூடாது. வேலை, படிப்பு, சிகிச்சை, வீடு எதிலும் பாகுபாடு காட்டக் கூடாது. 1986இல் காப்பகத்தில் இருந்த பெண்களுக்குக் கிடைக்காத உரிமை, 32 ஆண்டுகளுக்குப் பிறகு சட்டமானது.

சட்டம் வந்த மூன்றாம் மாதம் விருதுநகர் மாவட்டம் சாத்தூரில் நடந்தது தமிழகத்தையே உலுக்கியது. அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றிய ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. அதைக் கொடுத்த இளைஞர் 2016இலேயே ஒருமுறை ரத்த தானம் செய்தவர். அப்போதே அவருக்குத் தொற்று இருந்தது தெரிந்தும் அந்தச் செய்தி அவருக்குச் சேரவில்லை. வெளிநாட்டு வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் தெரியவந்ததும், தாம் கொடுத்த ரத்தத்தை யாருக்கும் ஏற்ற வேண்டாம் என்று அவரே மருத்துவமனைக்குச் சொன்னார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. அவர் தற்கொலைக்கு முயன்று சில நாட்களில் இறந்தார். ரத்தத்தைச் சோதித்து, பையைத் தூக்கி எறிந்து, மனிதரை மறந்துவிடும் பழைய பழக்கம் முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் உயிரோடு இருந்ததை அந்தச் சாவு காட்டியது. நேர்மையாக வந்து சொன்னவருக்கு நேர்ந்த கதியும் ஊர் முழுக்கப் பேசப்பட்டது.

இன்று கொங்கு மாவட்டங்களில் சோதனைக்கு வராமல் விடுபடுபவர்கள் பெரும்பாலும் ஆண்கள். கர்ப்பிணிக்கு இருப்பதுபோல் ஒரு வாசல் அவர்களுக்கு இன்னும் இல்லை. காசநோய் என்று தெரிந்த எல்லோருக்கும் எச்.ஐ.வி. சோதனையும் செய்யும் ஏற்பாட்டால், இருமல் நிற்காமல் வந்த நாற்பது வயதுக்காரர் அங்கேதான் முதன்முதலாகத் தம் நிலையை அறிகிறார். அதற்குள் எதிர்ப்பு அணுக்கள் மிகவும் இறங்கியிருக்கும். தொற்றுள்ளவரின் மனைவி, கணவர், துணைவர்களை அணுகிச் சோதனைக்கு அழைக்கும் பணியை, தாங்களும் தொற்றுடன் வாழும் களப்பணியாளர்கள் செய்கிறார்கள். திருப்பூரின் பனியன் கம்பெனிகளில் இப்போது ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் வந்தவர்கள் ஏராளம். அவர்களுடைய மொழியில் பேசும் ஆலோசகர் எங்கே இருக்கிறாரோ அங்கே அவர்கள் வருகிறார்கள். ஊருக்குத் திரும்பும்போது மருந்து எங்கே கிடைக்கும் என்பதே அவர்கள் முதலில் கேட்பது. எந்த ஏ.ஆர்.டி. மையத்தில் பதிந்தவரும் வேறு மாநில மையத்துக்கு மாற்றிக்கொள்ள முடியும். அதற்கான சீட்டை வாங்கிப் போகிறவர்கள் சிகிச்சையில் நிலைக்கிறார்கள்.